எட்டு நிமிடப் பேச்சில் தெரியாதவை: சமூகத் தொழில்முனைவோர் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவினருக்கு,

சமூகத் தேவைக்காகத் தொழில் நடத்தும் சமூகத் தொழில்முனைவோருக்கான விதைநிதி (தொடக்க உதவிப் பணம்) பற்றிய உங்கள் அறிவிப்பைப் படித்தோம். ஆங்கிலத்தில் பத்துப் பக்க விளக்கப்படம் வேண்டும், எட்டு நிமிடம் பேச வேண்டும், மூன்று ஆண்டுகளில் எத்தனை லட்சம் பேரைச் சென்றடைவோம் என்று எழுதித் தர வேண்டும் என்கிறீர்கள். மதிப்பெண் பட்டியலில் தலைமைப் பண்பு, தொலைநோக்கு, தீராத ஆர்வம் என்று போட்டிருக்கிறீர்கள். நிதி இயந்திரம் வாங்க மட்டும்தான்; மூலப்பொருளுக்கும் கூலிக்கும் கிடையாது. இவற்றில் எதையும் எங்களால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் சானிட்டரி நாப்கின் கூடங்களில் பயிற்சி கொடுப்பவர்கள், மிஷின் பழுது பார்ப்பவர்கள், கணக்கு எழுதக் கற்றுத் தருபவர்கள். நன்றாக ஓடும் கூடங்களையும் பார்க்கிறோம், பூட்டிக் கிடப்பவற்றையும் பார்க்கிறோம். பூட்டிய கூடத்தைத் திறந்தால் ஒரே காட்சிதான். சுவரில் திறப்பு விழாப் படம். மிஷின் மேல் பழைய சேலை. மூலையில் பாதி தீர்ந்த பஞ்சுச் சுருள், அதன் விளிம்பு ஈரத்தில் பழுப்பேறியிருக்கும். அந்தக் கூடத்துக்கு நிதி வாங்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர். தலைமைப் பண்பும் தொலைநோக்கும் அவரிடம் இருந்திருக்கலாம். கூடத்தை ஓட வைக்கும் குணங்கள் வேறு. உங்கள் படிவத்தில் அவற்றைக் கேட்க ஒரு வரி கூட இல்லை.

பயனாளிகளின் கருத்துப் படிவங்களை இணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பற்றிச் சொல்கிறோம். மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தத்தை எல்லோருக்கும் தெரியும். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். நாப்கின் செய்து பார்த்த தொடக்க காலத்தில் அவர் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினைக் கொடுத்துக் கருத்துப் படிவம் வாங்கினார். போய்ப் பார்த்தால், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தோடு அவர் படிவத்தை நம்புவதை விட்டார். நாப்கினைத் தானே சோதிக்க, ஃபுட்பால் பிளாடரில் (பந்துக்குள் இருக்கும் ரப்பர் பை) ஆட்டு ரத்தம் நிரப்பிக் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். பயன்படுத்திய நாப்கின்களைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பெரிய கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது சாதாரணப் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பாராட்டைச் சந்தேகிப்பது முதல் குணம். மாதவிலக்கு பற்றிய பேச்சில் யாரும் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்குங்க" என்ற பதிலுக்கு அர்த்தமே கிடையாது. அந்தப் பெண் அடுத்த மாதமும் காசு கொடுத்து வாங்கினாளா என்பதுதான் பதில். ஓடுகிற கூடத்தில் இதற்கென்று ஒரு நோட்டு இருக்கும்: இன்னார் வீட்டுக்குப் போன மாதம் இரண்டு பாக்கெட், இந்த மாதம் ஒன்று, ஏன் குறைந்தது. அந்த 'ஏன்' என்பதற்கு எதிரே "ஓரத்தில் குத்துகிறது", "வெயிலில் பசை இளகித் துணியில் ஒட்டிக்கொள்கிறது", "கடைக்காரர் ஆம்பளை, கேக்கக் கூச்சம்" என்று எழுதியிருக்கும். அந்த நோட்டை வைத்திருப்பவர் உங்கள் முன்னால் நின்று எட்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச முடியாதவராக இருக்கலாம். நோட்டை வாங்கிப் படிக்க உங்களுக்கு எட்டு நிமிடம் போதும்.

அடுத்தது கணக்கு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், பெரும்பாலான கூடங்கள் சாவது இங்கேதான். கீழே உள்ள விலைகள் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொண்டு, கணக்குப் போடும் முறையைப் பாருங்கள்.

நான்கு பெண்கள் வேலை செய்யும் கூடம், ஆளுக்கு ஒரு நாளில் 200 நாப்கின், மொத்தம் 800. ஒரு நாப்கினுக்கு 8 கிராம் மரக்கூழ், கிலோ 120 ரூபாய் என்றால் 96 காசு. மேலே போர்த்தும் நான்-ஓவன் (நெய்யாத) துணி 45 காசு. கசியாமல் தடுக்கும் அடித்தாள் 25. பசையும் அதன் மேல் ஒட்டும் தாளும் 20. பாக்கெட் உறை 30. ஆக மூலப்பொருள் 2 ரூபாய் 16 காசு. இதில் நூற்றுக்கு ஐந்து வீணாகும் என்று வைத்தால் இன்னும் 11 காசு. ஒரு பெண்ணுக்கு நாள் கூலி 300 ரூபாய், நாப்கினுக்கு 1 ரூபாய் 50 காசு. வாடகை, கரண்ட், மிஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து 20 காசு. மொத்தம் 3 ரூபாய் 97 காசு. கடையில் 5 ரூபாய்க்கு விற்றால் கடைக்காரர் 80 காசு எடுத்துக்கொள்வார், கூடத்துக்கு வருவது 4.20. மிச்சம் 23 காசு.

இப்போது சீல், அதாவது ஓரத்தைச் சூட்டால் ஒட்டுவது, சரியாகப் பிடிக்காமல் வீணாவது ஐந்திலிருந்து பதினைந்து சதவீதமாக ஏறுகிறது. மூலப்பொருள் இழப்பு 11 காசிலிருந்து 32 காசு ஆகிறது. 23 காசு மிச்சத்தில் 21 காசு போய்விட்டது. வீணான நாப்கினுக்கும் கூலி கொடுத்தாயிற்று, அதைச் சேர்த்தால் நட்டம். யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. பத்து நாப்கினில் ஒன்று கூடுதலாகக் குப்பைக்குப் போனது, அவ்வளவுதான். பல கூடங்களில் இந்த நட்டம் பெண்களின் கூலியில்தான் கழிகிறது. "இந்த மாசம் நாளுக்கு 200 ரூபா எடுத்துக்கலாம்" என்று குழுவில் பேசி முடிவு செய்கிறார்கள். மூன்று மாதத்தில் ஒருத்தி அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குத் திரும்புகிறாள், அடுத்தவள் மில் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். உங்கள் அறிக்கையில் அந்தக் கூடம் "நான்கு பெண்களுக்கு வாழ்வாதாரம்" என்று நின்றுகொண்டிருக்கும்.

கூலியை முதலில் எழுதிவிட்டு லாபத்தைப் பிறகு பார்ப்பவர் யார், லாபத்தை முதலில் காட்டிவிட்டுக் கூலியைப் பிறகு குறைப்பவர் யார்? சமூகத் தொழில்முனைவோரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் கேள்வி இதுதான். கணக்குப் புத்தகத்தில் இது ஒரே பக்கத்தில் தெரியும்.

அதே கணக்கிலிருந்து இன்னொன்று. மாதம் 25 நாள் வேலை என்றால் 20,000 நாப்கின். செலவு 79,400 ரூபாய். கடைகளும் விடுதிகளும் பணம் தருவது 45 நாள் கழித்து. பஞ்சுக்காரரும் துணிக்காரரும் கேட்பது கையில் காசு. எனவே சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் எப்போதும் வெளியில் மாட்டிக்கொண்டிருக்கும். முருகானந்தம் வடிவமைத்த வகை இயந்திரம் 75,000 ரூபாய் அளவுக்குக் கிடைத்தது. மிஷின் விலையைவிடச் சுழல வேண்டிய பணம் அதிகம். நீங்கள் மிஷினுக்குக் கொடுத்து மூலப்பொருளுக்கு மறுக்கிறீர்கள். முதல் சுருள் தீர்ந்ததும் குழு சங்கக் கடன் வாங்குகிறது, அது போதாமல் குழுவை நடத்தும் ஊக்குநர் தன் நகையை அடகு வைக்கிறார். கூடம் நின்றபோது நகை மூழ்குகிறது. இது நேர்வது உங்கள் விதியால்தான்.

மிஷின் பற்றியும் சொல்ல வேண்டும். மரக்கூழ் அட்டையை அரைத்துப் பஞ்சாக்குவது, அச்சில் வைத்து அழுத்துவது, துணி சுற்றிச் சீல் போடுவது, புற ஊதா விளக்கில் வைப்பது என்று வேலை நான்கு கட்டம். அரைக்கும் பிளேடு மழுங்கினால் பஞ்சு கட்டிகட்டியாக வரும். கட்டி உள்ள இடத்தில் உறிஞ்சாது, பக்கத்தில் வழியும். ஐப்பசி கார்த்திகை மழையில் கூழ் அட்டை ஈரம் குடிக்கும். தராசில் 8 கிராம் காட்டும், அதில் தண்ணீர் எடையும் சேர்ந்திருக்கும், நார் குறைவாக இருக்கும். ஆகவே அடைமழை மாதத்தில் அட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும், எடுத்ததை அன்றே அரைத்துவிட வேண்டும்.

காலால் மிதித்துச் சீல் போடும் பெடல் சீலரில்தான் அதிகம் தகராறு. சூடு குறைந்தால் ஓரம் பிரியும், கூடினால் அடித்தாள் உருகி ஊசித்துளை விழும். ஊரில் மாலை ஆறு மணிக்கு மேல் மின்னழுத்தம் இறங்கும். காலையில் வைத்த அளவு மாலைக்குப் பொருந்தாது. சூட்டுக் கம்பியின் மேல் போர்த்திய, சூடு தாங்கும் டெஃப்லான் துணி கருகினால் ஒவ்வொரு சீலிலும் பிசிறு ஒட்டும். அந்தத் துணி விலை மிகக் குறைவு. கையிருப்பில் இல்லாவிட்டால், கோவையிலிருந்து வரும்வரை கூடம் நான்கு நாள் நிற்கும். நான்கு நாள் என்பது 3,200 நாப்கின்.

புற ஊதா விளக்கு நீல வெளிச்சம் தருவதால் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும், கிருமியைக் கொல்லும் சக்தி போயிருக்கும். எரிந்த மணி நேரத்தை எழுதி வைத்து, விளக்கின் மேல் குறித்த ஆயுள் முடிந்ததும் மாற்ற வேண்டும். அந்த ஒளி படும் மேற்பரப்பில் மட்டும்தான் வேலை செய்யும், அடுக்கி வைத்தால் உள்ளே போகாது. கை கழுவுவது, தலையுறை போடுவது, வேலை மேசையைத் துடைப்பது ஆகியவற்றை விளக்கு ஈடுசெய்யாது. பஞ்சுத் தூசு நெஞ்சுக்குள் போகும், முகக்கவசம் இல்லாமல் அரைக்கக் கூடாது.

இத்தனையையும் அடுக்குவது உங்களை மெக்கானிக் ஆக்குவதற்கு அல்ல. உங்கள் முன் நிற்பவரிடம் "டெஃப்லான் துணி தீர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். "அலமாரியில் ரெண்டு மீட்டர் இருக்கு, குழுவில் மூணு பேருக்கு மாத்தத் தெரியும்" என்று சொல்பவர் ஒருவர் இருப்பார். "எங்களிடம் தொழில்நுட்பக் கூட்டாளி இருக்கிறார்" என்பவர் இன்னொருவர். முதல் ஆளின் கூடம் ஓடும். தான் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி அறிவைப் பிறர் கையில் கொடுக்கத் தெரிவது பெரிய குணம். நீங்கள் மேடையில் தேடும் தலைமைப் பண்பு பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் விலை பேசத் தெரியாத, சீலரைத் திறக்கத் தெரியாத கூடத்தை அந்த ஒருவரின் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

தரம் பற்றி ஒரே செய்தி. ஐ.எஸ். 5405 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதன் 1980 பதிப்பில் சொன்ன சோதனை இது. நாப்கினின் நடுவில் 30 மில்லி திரவத்தை நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் விட்டு, ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வைத்தால், அடியிலோ ஓரத்திலோ தெரியக் கூடாது. ஒரு சிரிஞ்சும் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரும் ஒரு கிலோ எடைக்கல்லும் இருந்தால் கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஆய்வக அறிக்கைக்கு இது மாற்றாகாது. காலையில் ஓட்டிய முதல் பத்தில் ஒன்றை இப்படிச் சோதிக்கும் குழு, தவறான நாப்கின் 800 ஆகும் முன் மிஷினை நிறுத்திவிடும். விற்ற பிறகு தெரிந்தால் ஊரில் பெயர் போனது போனதுதான்.

நல்லெண்ணம் இருந்தும் ஏன் ஆட்கள் வரவில்லை என்று கேட்கும் துணிச்சலும் வேண்டும். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை இலவசம் என்று முகாமில் சொல்லியும் பலர் வரவில்லை. அறியாமை என்று சொல்லி விட்டுவிடவில்லை அவர்கள். பஸ் கட்டணம், அங்கே சாப்பாடு, போகும் நாட்களில் போகும் கூலி, பார்வை முழுவதும் போய்விடுமோ என்ற பயம் ஆகியவைதான் தடை என்று கண்டார்கள். முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிப் போய், தங்க வைத்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாடு அதிலிருந்து வந்தது. கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் உள்விழி லென்ஸின் இறக்குமதி விலை ஏழைக்கு எட்டாது என்றபோது 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி அதையும் இங்கேயே செய்தார்கள். காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி முடியாதவருக்கும் அதே மருத்துவம் என்ற கணக்கு, நன்கொடையை நம்பி நிற்காத கணக்கு. இலவசம் என்பது பயனாளிக்கும் ஒரு செலவு என்பதைப் புரிந்துகொண்டவர்களால்தான் அதைக் கட்ட முடிந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு இணையான கேள்வி, ஒரு ரூபாய் நாப்கின். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 2018-இல் இரண்டரை ரூபாய்க்கு வந்த நாப்கின், 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு ரூபாய். ஏழைப் பெண்ணுக்கு அது நல்லது, நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் 3.97 ரூபாய்க்குச் செய்யும் குழு அதோடு விலையில் மோத முடியாது. 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு வந்ததையும் எல்லோரும் பாராட்டினார்கள். விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், பஞ்சுக்கும் துணிக்கும் பசைக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லாமல் போனது. அது அடக்க விலையிலேயே உட்கார்ந்துவிட்டது. இவை தெரிந்தவர் "விலையைக் குறைப்போம்" என்று மேடையில் வாக்குக் கொடுக்க மாட்டார். பிரசவ வார்டுக்கான நீள நாப்கின், மில் விடுதி, மருந்தகம் இல்லாத மலைக் கிராமம் என்று பெரிய கம்பெனி எட்டாத இடத்தைத் தேடிப் போவார். உங்கள் 'எத்தனை லட்சம் பேர்' என்ற கேள்விக்கு அவரது பதில் மிகச் சிறியதாக இருக்கும். அதனாலேயே அவரை முதல் சுற்றில் கழித்துவிடுகிறீர்கள்.

பயன்படுத்திய நாப்கின் எங்கே போகிறது என்று உங்கள் படிவம் கேட்கவே இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்யத்தக்க பொருளைப் பயன்படுத்த முடியுமா என்று தயாரிப்பாளர் ஆராய வேண்டும், இல்லாவிட்டால் அப்புறப்படுத்த உறை தர வேண்டும் என்று கூறின. ஒரு காகித உறை சில காசுதான். அந்தக் காசை 23 காசு மிச்சத்திலிருந்து எடுத்துக் கொடுக்கத் தயாரா என்று கேளுங்கள். வாங்கிய பிறகும் பெண்ணுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் பொறுப்பேற்கிறவரை அங்கே கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக ஒரு குணம், மிகவும் அரிதானது: நிறுத்தச் சொல்லத் தெரிவது. நீங்கள் ஊக்கப்படுத்தத் தவறுவது இதைத்தான். சில ஊரில் கூடம் ஓடாது. மின்சாரம் நிலையாக இல்லை, வாங்குபவர் ஐந்து கிலோமீட்டருக்குள் இல்லை, பெண்களுக்குப் பருத்திக் காட்டில் இதைவிட நல்ல கூலி கிடைக்கிறது. அப்போது "இங்கே வேண்டாம், துணி நாப்கின் தைக்கலாம், அல்லது பக்கத்துக் கூடத்தின் விற்பனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் பத்துப் பேரின் கடனை மிச்சப்படுத்துகிறார். அவருக்கு விருதே கிடைக்காது, ஏனென்றால் அவர் திறந்துவைத்தது எதுவுமில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

விண்ணப்பத்தைத் தமிழில் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத முடியாதவர் பேசிப் பதிவு செய்து அனுப்பவும் இடம் கொடுங்கள். விளக்கப்படத்துக்குப் பதிலாக மூன்று நோட்டுகளைக் கேளுங்கள்: ஆறு மாத அடக்க விலைக் கணக்கு, வீணான எண்ணிக்கை, பழுதும் நின்ற நாட்களும். 'எத்தனை லட்சம் பேர்' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, மூன்றாவது மாதமும் காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இறுதிச் சுற்றுக்கு வருபவரின் கூடத்துக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், வேலை நடக்கும் நாளில் காலை முதல் மாலை வரை ஒருவரை அனுப்புங்கள். தலைவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்ற பெண்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். போன மாதம் கையில் வாங்கிய கூலி எவ்வளவு என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நிதியில் பாதியை மூலப்பொருளுக்கும் கூலிக்கும் செலவிட அனுமதியுங்கள். இரண்டாம் தவணையைப் பன்னிரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள். திறப்பு விழாப் படத்தை வைத்துக் கொடுக்காதீர்கள். "இந்த ஊருக்கு இது வேண்டாம்" என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுப்பவருக்கு அந்த ஆய்வுச் செலவையாவது கொடுங்கள்.

உங்கள் குழுவில் குழுக் கணக்கு எழுதும் பெண் ஒருவரையும், மிஷின் பழுது பார்ப்பவர் ஒருவரையும், மற்றவர்களுக்கு இணையான மதிப்பெண் உரிமையோடு சேருங்கள்.

இதுவரை நீங்கள் நிதி கொடுத்த கூடங்களில் இன்று எத்தனை ஓடுகின்றன, எத்தனை நின்றுவிட்டன, நின்றவை எந்த மாதத்தில், எதனால் நின்றன என்பதை ஊர்வாரியாக வெளியிடுங்கள். அந்தப் பட்டியல் வெளிவரும்வரை இந்த ஆண்டுக்கான கடைசித் தேதியைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழு உற்பத்திக் கூடங்களின் பயிற்றுநர்கள், பழுது பார்ப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள்